ரேடியோவுக்கு ஒரு கேள்வி

அந்த வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பேர். வைத்தவள் அக்கா. யாரும் திருகாமலே தானாகப் பாடும், நாம் கேட்ட ஸ்டேஷன் மட்டும் வரவே வராது என்பதுதான் காரணம். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "மஞ்சள்" என்பான். விருந்தாளி தன் மூட்டு வலியைப் பற்றி உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது "மூணாவது மாடி" என்பான். சொல்லிவிட்டு, பெரிய வேலை ஒன்றை முடித்தவனைப் போல உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொள்வான். வீடு குலுங்கிச் சிரிக்கும். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரிப்பான்.

பிறந்து வெகு நாள் கழித்துத்தான் நடந்தான். அதற்கும் வெகு நாள் கழித்துத்தான் பேசினான். வளர்ச்சிக் குறைபாடு என்று டாக்டர் சொன்னதை அம்மா வீட்டுக்கு வந்து, "எல்லாமே கொஞ்சம் மெதுவாத்தான் வரும்னாங்க" என்று மாற்றிச் சொன்னாள். அந்த மெதுவா என்ற சொல்லை உறவுக்காரர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். எது மெதுவாக வரும், எவ்வளவு நேரம் பொறுத்தால் வரும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேள்வி கேட்டால் அவன் பதில் சொல்ல மாட்டான். தெருவுக்கே தெரிந்த விஷயம் அது. கேட்டவர் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கிற எதையாவது, ஒரு குழாயை, சாவிக்கொத்தை, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கேட்டவர் நெளிய ஆரம்பிப்பதற்குள் அக்கா குறுக்கே புகுந்துவிடுவாள். "அவனுக்குப் பசிக்கலையாம்." "அவனுக்கு வெயில் ஆகாதுங்க." "அங்கெல்லாம் அவன் வர மாட்டான்." அவளுக்கு அது ஒரு சுமையாகவே தெரிந்ததில்லை. கூரியர் அலுவலகம் ஒன்றில் தொலைபேசி எடுக்கிற வேலை அவளுக்கு. எதிர்முனையில் ஆள் பேசி முடிப்பதற்குள் பதிலைக் கையில் எடுத்து வைத்திருப்பாள். லைனில் மௌனம் விழுந்தால் வாடிக்கையாளர் நழுவிவிட்டார் என்று அர்த்தம். அங்கே சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. "அவனுக்கு வாய் நான்தான்" என்று தம்பியைப் பற்றி அவள் சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அந்தக் குடும்பத்துக்குள் மட்டும் வழங்கிவந்த ஒரு சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யாராவது சம்பந்தமில்லாமல் பேசினால் அவர்கள் "காது" என்பார்கள். புது மருமகனாக உள்ளே வந்த அக்காவின் கணவர், தன் காதில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தாராம். கதை இதுதான். சின்ன வயதில் தம்பி ஒரு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் அழுதான். அம்மா பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். "எங்கப்பா வலிக்குது?" என்றார் டாக்டர். அவன் அவர் தலைக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்தான். "பல்லுதான் டாக்டர்" என்றாள் கூடப் போன அக்கா. அவர் தேடிப் பார்த்து, சொத்தையாக இருந்த ஒன்றைப் பிடுங்கி அனுப்பினார். சாயங்காலம் வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தவன் திடீரென்று "காது" என்றான். "பல்லைப் புடுங்கினா காதுங்கறானே" என்று சிரித்த சிரிப்பில் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் காதில் சீழ் வடிந்ததையும், அந்தக் காது இன்றைக்கும் பாதிதான் கேட்கிறது என்பதையும் வேறொரு கதையாகவே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அப்பா இல்லை. அம்மாவும் போய்விட்டாள். காதோரம் நரைக்கத் தொடங்கிய தம்பி அக்கா வீட்டில் இருக்கிறான். அவனைப் போன்றவர்களுக்கு வேலை தேடித்தருகிற மையம் ஒன்று அவனை ஒரு சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டிருந்தது. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற பெரிய கூடம். காலையில் தானே பஸ் ஏறிப் போவான், சாயங்காலம் தானே வருவான். வீட்டில் அவனால் ஒரு தொந்தரவும் கிடையாது, ஒன்றைத் தவிர. வந்ததும் ஷூவைக் கழற்ற மாட்டான். கூடத்திலும் சாப்பாட்டு மேஜையிலும் ஷூவோடுதான் இருப்பான். படுக்கப் போகும்போதுதான் மனசில்லாமல் கழற்றுவான். அம்மா போனதிலிருந்து இந்தப் பழக்கம். "தரையெல்லாம் மண்ணு. துடைக்கிறவளுக்குத்தானே தெரியும்" என்று அக்கா தினமும் ஒரு பாட்டம் பாடுவாள். அவன் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வீட்டைக் காலி செய்வதற்காக அட்டைப்பெட்டிகள் வந்து கூடத்தில் குவிந்தன. செய்தி மையத்துக்கும் எட்டியது. அங்கே ஒருங்கிணைப்பாளராக இருக்கும் பெண் போன் செய்தாள்.

"லாண்டரிக்குப் பக்கத்துலயே, மருந்துக்கடைக்கு மேல நாங்க ஒரு வீடு எடுத்திருக்கோம். அவரை மாதிரி சில பேர் இருக்காங்க. கூடவே இருந்து பாத்துக்க ஒரு துணையாளரும் இருக்கார். அதுல ஒரு ரூம் காலியா இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன். அவர்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்கு. கூடப் பொறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்க, தெரியும். அவர் என்ன சொல்றார்னுதான் கேட்டேன். அவரா வர்றேன்னு சொன்னாத்தான் நாங்க சேர்த்துக்குவோம். வாயால சொல்லணும்னு இல்ல, எப்படிச் சொன்னாலும் சரி."

"அவன் எங்க சொல்லப்போறான்" என்று அக்கா போனை வைத்தாள். மனசுக்குள் சுருக்கென்று தைத்திருந்தது. "தம்பியைக் கொண்டுபோய் விடுதியில தள்ளிட்டுப் போற ஆள் மாதிரியா தெரியறேன் நான்?"

"காது" என்றார் கணவர், ஒரு பெட்டியின் வாயைக் கயிற்றால் கட்டியபடி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் கேட்கவில்லை என்ற குறை எதற்கு என்று நினைத்தாள். அன்று அவனுக்கு வேலை இல்லாத நாள். மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டே, தண்ணீர் குடிக்க வந்தவனிடம் கேட்டாள். "நாங்க ஊர் மாறப்போறோம். நீயும் எங்ககூடத்தானே வர்றே?" அவன் குழாயைப் பார்த்தான். தண்ணீர் தடித்த கயிறு போல விழுந்துகொண்டிருந்தது. "வராம எங்க போவே" என்று அவளே பதிலும் சொல்லி, குழாயை மூடினாள்.

சாயங்காலம் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் அவன் தட்டில் அவித்த முட்டை ஒன்றை வைத்தபோது அவன் சொன்னான்: "வேண்டாம்."

"முட்டை வேண்டாமாம், இங்க தள்ளு" என்று கணவர் கை நீட்டினார். அதற்குள் அவன் முட்டையை எடுத்துக் கடித்துவிட்டான்.

"வேண்டாம்னுட்டு முழுங்கறியே மச்சான். ரேடியோ இன்னிக்குத் தெளிவா இல்லையே. ஏம்மா, ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பி வை."

தம்பி சிரித்தான். தொடையில் கைகளைத் துடைத்துக்கொண்டான்.

சில நாள் கழித்து, தம்பி மாசக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுவிடுவான் என்று சொல்வதற்காக, அக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனாள். போனில் சொல்லியிருக்கலாம். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று பட்டது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் அதற்குள் போனதில்லை.

கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது. ஆள் உயர இயந்திரங்கள் வயிற்றுக்குள் விரிப்புகளைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தன. காய்கிற துணியின் சூடான வாசம். நீராவி தரையோடு கிளம்பி, வேலை செய்கிறவர்களை இடுப்பு வரை மறைத்தது. தூரத்தில் நின்று பார்த்தால், மேகத்துக்குள் வீடு கட்டிக் குடியிருக்கிற ஜனங்கள் போல இருந்தது.

மேற்பார்வையாளர் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தார். உள்ளே சத்தம் குறைவுதான். ஆனால் வருஷக்கணக்காகக் கத்தியே பழகிய தொண்டை, அறைக்குள்ளும் கத்தியது.

"ஜட்ஜோட அக்காவா நீங்க? உக்காருங்க, உக்காருங்க."

"யாரோட அக்கா?"

"உங்க தம்பிக்கு இங்க ஜட்ஜுன்னு பேரு. கோவிச்சுக்காதீங்க, பாசத்துல வச்சதுதான். கேஸைச் சொன்னா உடனே தீர்ப்பு வராது. வாய்தா வாங்குவார். ஆனா வந்துச்சுன்னா அப்பீலே கிடையாது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் புருவம் சுருங்கியது.

"நிக்கிறாரா? அவர் அப்படிச் சொல்லலையே. நீங்க ஊர் மாறுறீங்கன்னு கேள்விப்பட்டதும் நாங்களே கேட்டோம். அக்கா போறாங்களாமே, நீங்க என்ன பண்ணப்போறீங்கன்னு. வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்னாரு. சரி, உங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டீங்கன்னு நாங்களும் சந்தோஷமா விட்டுட்டோம்."

"என்கிட்டயா? அவன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப எனக்குத் தெரியலம்மா" என்றார் அவர், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. "அவர் பொய் சொல்ற ஆள் இல்ல."

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். நீளமான மேஜை ஒன்றின் முன்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். விரிப்பை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து, கறை இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எறிந்துகொண்டிருந்தான். சூடான உருளைக்குள் விரிப்புகளை விட்டு இஸ்திரி போடுகிற ஒரு பெண் தள்ளுவண்டியோடு அவனிடம் வந்தாள். கேட்கிற காதின் பக்கமாகக் குனிந்து ஏதோ கத்தினாள். அவன் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான். அக்காவுக்கு உடம்பு பரபரத்தது. எழுந்து ஓடி, அவனுக்குப் பதிலாக ஏதாவது சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பெண் பதிலுக்கு நிற்கவே இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நீராவிக்குள் போய்விட்டாள். அவன் பாட்டுக்கு விரிப்பு பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த சுமையோடு அவள் திரும்பி வந்தபோதும் அவன் வாய் திறக்கவில்லை. அவளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மறுபடியும் போய் மறுபடியும் வந்தாள். அப்போது அவன் தலையைத் தூக்கி ஏதோ சொன்னான். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இங்க எல்லாருமே அப்படித்தாம்மா" என்றார் மேற்பார்வையாளர். "இந்தச் சத்தத்துல நின்னு பேசிட்டிருந்தா வேலை ஆகுமா? கேட்டுட்டுப் போயிடுவோம். திரும்பி வரும்போது பதிலை வாங்கிக்குவோம். அவர் கொஞ்சம் கூடுதலா எடுத்துக்குவார், அவ்வளவுதான். வாங்க, பாத்துட்டுப் போங்க."

அவர் அவளை மேஜைக்கு அழைத்துப் போனார். உருளைக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க தம்பி இருக்காரே, லேசுப்பட்ட ஆள் இல்ல. எங்க மாமியார் தங்கிட்டுப் போக வர்றாங்களாம் ஜட்ஜய்யா, நான் என்ன பண்ணட்டும்னு கேட்டேன். நானும் நடக்கறேன், நடக்கறேன், பதிலைக் காணோம். இப்ப சொல்றாரு, நீ போய் அவங்க வீட்டுல தங்கிக்கோன்னு."

அக்கா சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை. தம்பி அவளைப் பார்த்துவிட்டான்; அவள் அங்கே வந்து நிற்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். கையிலிருந்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டியா?" என்று கத்தினாள். கேட்ட கையோடு, "சாப்பிட்டிருப்பே" என்பதும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உருளைக்காரி அவள் கையைப் பிடித்தாள். "வாங்க, நம்ம உருளையைப் பாத்துட்டு வரலாம்."

உருளையைப் பார்த்தாள். கசங்கிப்போன ஒரு விரிப்பு அதன் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் காகிதம் போல வழுவழுவென்று வெளியே வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். வேறு எதையோ பார்த்தாள். திரும்பி மேஜையருகே வந்தபோது தம்பி காத்திருந்தான்.

"சாப்பிட்டேன். நீ?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அவன் அவளை ஒரு கேள்வி கேட்டதில்லை. அல்லது கேட்டிருக்கிறான், அப்போது அவள் அடுத்த அறைக்குப் போயிருக்கிறாள்.

அன்று அவர்கள் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவளுக்கு உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அவிழ்ந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று அவன் சொன்னது முட்டையை இல்லை. மத்தியானம் அவள் குழாயடியில் கேட்டதற்கு, சாயங்காலம் பதில் வந்திருக்கிறது. மஞ்சள் சட்டையா நீலச் சட்டையா என்று அம்மா காலையில் கேட்டுவிட்டு, நீலத்தை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பாள். எந்த மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று படிக்கட்டில் யாரோ கேட்டிருப்பார்கள். அந்த ரேடியோ ஒரு நாளும் தானாகப் பாடவில்லை. கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்டவர்கள் போய்விட்டார்கள்.

காது என்றானே.

அவள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லுதான் டாக்டர் என்று சொன்ன அந்தச் சிறுமியின் குரல் அவளுக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. எத்தனை விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். எத்தனை தடவை அவன் எதிரிலேயே சொல்லியிருக்கிறாள்.

அதோடு நின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பஸ் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பைகளோடு இறங்கினார்கள். அப்போது அது வந்தது.

அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போயிருந்த அந்தக் காலை. இவள் கையில் சாவியோடு, வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று கேட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன். அம்மாவைப் பாக்க வர்றியா?" அவன் சாவிக்கொத்தைப் பார்த்தான். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "சரி, நீ இரு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தாள். "அவன் வரலையா?"

"வரலைன்னுட்டாம்மா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில். லைனில் மௌனம் விழாமல் பார்த்துக்கொண்டாள். அம்மா சரி என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, அவன் வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தலை வாரியிருந்தான். காலில் ஷூ. "வர்றேன்" என்றான். "எங்கடா வர்றே? எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று அவள் கத்தினாள். அதற்குப் பிறகும் வீடு நிறைய ஜனம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, அவன் ஒவ்வொருவரிடமாகப் போய் "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "பாவம், இவனுக்கு என்ன தெரியும்" என்றார்கள். அவளும்தான் சொன்னாள்.

பக்கத்து இருக்கையில் தம்பி ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு, விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். அவள் குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். இரண்டு ஷூவும் இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தன.

வீட்டுக்குப் போனதும் கணவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவன்கிட்ட ஒண்ணு கேக்கப்போறேன். நான் கேட்டதும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நான் எப்ப திறந்தேன்? இந்த வீட்டுல அந்த உத்தியோகம் உனக்குத்தானே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார்.

தம்பி கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நாங்க வேற ஊருக்குப் போறோம். நீ எங்ககூட வர்றியா? இல்ல, இங்கயே லாண்டரி பக்கத்துல, மருந்துக்கடை மேல இருக்கிற வீட்டுல இருக்கியா? எது சொன்னாலும் சரி."

அவன் ஒரு பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தான். அவள் எழுந்து உள்ளே போனாள். உருளைக்காரி செய்தது போலத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒரு பெட்டியில் புத்தகங்களை அடுக்கினாள். வந்து பார்த்தாள். பதில் இல்லை. போய்ப் போர்வைகளை மடித்தாள். வந்தாள். இல்லை. தொண்டையில் ஒரு பதில் முட்டிக்கொண்டு நின்றது, விழுங்கினாள். கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். வெகுநேரமாக ஒரு பக்கமும் புரளவில்லை. காத்திருக்கக் காத்திருக்க, தான் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. உன்கூட வர்றேன் என்று சொல்லிவிட மாட்டானா. சொல்லிவிட்டால், இத்தனை வருஷம் அவள் அவனுக்காகச் சொன்னதெல்லாம் கொஞ்சமாவது சரி என்று ஆகிவிடும்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கி, கணவர் எழுந்து விளக்கைப் போட்டபோது தம்பி சொன்னான்: "இங்க இருக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் குடித்தார்கள். தம்ளரைக் கழுவ அவள் எடுத்தபோது அவன் மிச்சத்தையும் சொன்னான்: "ஞாயித்துக்கிழமை நீ வா." தொடையில் கைகளைத் துடைத்துக்கொண்டான்.

கணவர் கொஞ்ச நேரம் செய்தித்தாளையே மடித்துக்கொண்டிருந்தார். "அப்ப அன்னிக்கு அவன் வேண்டாம்னது..."

"முட்டையை இல்லங்க."

"நான்கூட ஆன்டெனா அது இதுன்னு..." என்று அவர் முடிக்காமல் விட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் காது என்று சொல்லவில்லை.

மருந்துக்கடை மாடிக்கு அவனைக் கொண்டுபோய் விட்டது ஒரு வெளிச்சமான முற்பகலில். துணையாளர் கதவைத் திறந்தார். அங்கே இருப்பவர்களில் ஒருவர் வந்து, பெட்டியை வாங்கிக்கொள்வதற்குப் பதிலாக அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் எட்டிப் பார்த்து, "இவருக்குக் குறட்டை வருமா?" என்று கேட்டார். வராது என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவர் தம்பியைத்தான் கேட்டிருந்தார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போயும்விட்டார்.

அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, தெருவைப் பார்த்த ஜன்னல். அவள் மெத்தையில் விரிப்பை இழுத்து விட்டாள். அவன் அதை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தானே விரித்துக்கொண்டான். செய்வதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை. நாட்கணக்காக உள்ளே சுமந்துகொண்டிருந்ததை அப்போதுதான் அவள் வெளியே எடுத்தாள்.

"தம்பி. அம்மாவைப் பாக்க அன்னிக்கு உன்னை விட்டுட்டுப் போயிட்டேன். நீ வரலைன்னு அம்மாகிட்ட நானா சொல்லிட்டேன். என் மேல கோவமா உனக்கு?"

அவன் ஜன்னல் கம்பியைப் பார்த்தான்.

அவள் அலமாரியில் சட்டைகளை அடுக்கினாள். துணையாளரிடம் பேசினாள். கீழே போய் ஒரு சோப்பு வாங்கி வந்தாள். அந்த வீட்டார் சாப்பிடக் கூப்பிட்டார்கள், சாப்பிட்டாள். குறட்டையைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் வந்தது: "வரும்." மேஜை முழுக்கச் சிரித்தது, தம்பியும் சேர்ந்து. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் வராமலே போகலாம், தனக்கு அதைக் கேட்கும் உரிமையும் கிடையாது என்று நினைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள்.

அவன் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தான். பஸ் காலியாக வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் நடைபாதையில் நின்று, ஜன்னலுக்குக் கீழே இருந்த தகரத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். நடத்துநர் விசில் ஊதினார்.

"நான் ஷூ போட்டுட்டுத்தான் இருந்தேன் அக்கா" என்றான்.

இன்ஜின் உறுமியது. எப்போதும் தயாராக இருக்கும் அவளுடைய நாக்கில் அப்போது ஒரு சொல்லும் இல்லை. கீழே பார்த்தாள். அவன் காலில் ஷூ இல்லை; வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்புதான் இருந்தது. மேலே போனதும் கழற்றியிருக்கிறான், அவள் கவனிக்கவே இல்லை.

பஸ் நகர்ந்தது. அவன் அவள் பதிலுக்காக நிற்கவில்லை. கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு, சலவைக்கூடத்து ஜனங்கள் நடப்பது போலவே திரும்பி, மருந்துக்கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.